மறைபொருள் நூல்களும் மதுரை வாசகர்களும்

எல்லோர்க்கும் பொதுவில் வைக்காமல், பக்குவம் வந்த மாணவனுக்கு மட்டும் குரு சொல்லிக்கொடுக்கவேண்டியவை என்று ஒதுக்கப்பட்ட தத்துவ நூல்கள் தமிழகத்தின் பெரும்பாலான சமய மரபுகளில் உண்டு. வேதாந்தத்தில் கைவல்ய நவநீதம் போன்ற நூல்கள், சைவத்தில் மெய்கண்ட சாத்திரங்கள் 14, திருமந்திரத்தின் யோகப் பகுதிகள், சித்தர்களின் குழூஉக்குறிப் பாடல்கள் ஆகியவை அவ்வகையின. இவற்றை வாசிப்பவரின் சமய நம்பிக்கை என்ன ஆகிறது என்பதை ஆராய மதுரையும் அதைச் சூழ்ந்த சமவெளியும் ஏற்ற களம். நடுவே மீனாட்சி கோயில். 1834 முதல் அமெரிக்க மிஷனின் பள்ளிகள். கிழக்கே செட்டிநாட்டில் தமிழிலேயே வேதாந்தம் கற்பித்த ஒரு மடம். 1880களில் பிரம்மஞான சபையின் கிளை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இவை அனைத்தும் ஒரே காலத்தில் இயங்கின. அவற்றினூடே வந்த வாசகர்கள் சிலரின் வாழ்க்கை ஓரளவு விரிவாகப் பதிவாகியுள்ளது. அப்பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், இந்நூல்கள் வாசகரை ஒரு மதத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியது குறைவு, பிறந்த மதத்துக்குள்ளேயே எது பெரிது எது சிறிது என்ற வரிசையைக் கலைத்து அடுக்கியதே மிகுதி என்று தெரிகிறது. வெளியேறியவர்களும் உண்டு. அவர்களை வெளியேற்றியதில் நூலின் கருத்தைவிடக் கோயில் வாசலில் அவர்களுக்கு இருந்த இடத்துக்குப் பங்கு அதிகம்.

இந்நூல்களை மறைத்து வைத்ததற்கு நடைமுறைக் காரணம் ஒன்று இருந்தது. காண்பதும் காண்பவனும் கடவுளும் ஒன்றே என்று கேட்ட மாத்திரத்தில் ஒருவன் சந்தியாவந்தனத்தையும் சிராத்தத்தையும் விட்டுவிட்டால் குடும்பமும் ஊரும் என்ன ஆவது? ஆகவே கேட்பவனுக்குத் தகுதி வகுத்தார்கள். நிலையானதையும் நிலையற்றதையும் பிரித்தறிதல், இம்மை மறுமை இன்பங்களில் பற்றின்மை, மன அடக்கம் முதலிய ஆறு பண்புகள், வீடுபேற்றில் தீராத வேட்கை என்ற நான்கும் அமைந்தவனே அதிகாரி. சித்தர்கள் வேறு வழி கண்டார்கள். நூலை யார் கையிலும் கொடுத்துவிட்டு, மொழியைப் பூட்டி வைத்தார்கள். பாம்பு, மாங்காய், பால் என்று அவர்கள் பாடுவதை வெறும் பாட்டாகக் கேட்பவர் பாட்டாகவே கேட்டுப் போகலாம்.

நூல்கள் எத்தனை இறுக்கமாகக் காக்கப்பட்டன என்பதற்கு மதுரையிலேயே பழைய சான்று உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் டி நொபிலி, சிவதர்மர் என்ற அந்தணரிடம் வடமொழியும் வேதாந்தமும் கற்றார். வேதத்தை அந்நியனுக்குக் காட்டுவது ஆசிரியருக்கே ஆபத்தான காரியமாக இருந்த காலம் அது. ஆனால் மனம் மாறியது மாணவர் அல்லர். நொபிலி காவி உடுத்தி, நாளுக்கு ஒரு வேளை மட்டும் மரக்கறி உணவு உண்டு வாழ்ந்தும் தம் நம்பிக்கையில் உறுதியாகவே இருந்தார். 1609இல் ஞானஸ்நானம் பெற்றவர் சிவதர்மர். மறைநூலைப் பிறர் நம்பிக்கையை அறியும் கருவியாகக் கொண்டு படிப்பவரை அந்நூல் அதிகம் தொடுவதில்லை என்பதற்கு நொபிலி ஓர் எடுத்துக்காட்டு.

அச்சுக்கு முந்தைய வாசிப்பின் இயல்பை அறியக் காரைக்குடிக்கு அருகிலுள்ள கோவிலூர் மடம் உதவும். முத்துராமலிங்க ஞானதேசிகர் நிறுவிய அந்த மடத்தில் வடமொழி அறியாதவரும் வேதாந்தம் கற்கலாம். பாடநூல்கள் தமிழில் இருந்தன, வரிசை வகுக்கப்பட்டிருந்தது. நானாசீவவாதக் கட்டளை, சசிவன்ன போதம், வைராக்கிய சதகம் போன்றவற்றை முறையாகக் கடந்தே மாணவர் பெரிய நூல்களுக்குப் போவார். நகரத்தார் குடும்பங்கள் மடத்தைப் புரந்தன. பகலில் வட்டிக் கணக்கு எழுதிய கை மாலையில் கைவல்ய நவநீதத்தைப் புரட்டிய ஊர்கள் அந்த வட்டாரத்தில் பல இருந்தன.

அங்கு நடந்தது இன்றைய பொருளில் வாசிப்பு ஆகாது. அதைப் பாடம் கேட்டல் என்பர். ஆசிரியர் ஒரு செய்யுளைச் சொல்லிப் பொருள் விரிப்பார். மாணவர் ஐயம் எழுப்புவார். ஐயம் தீர்ந்தாலன்றி அடுத்த செய்யுள் இல்லை. தாண்டவராய சுவாமிகள் இயற்றிய கைவல்ய நவநீதத்தின் அமைப்பே இம்முறைக்குச் சான்று. தத்துவ விளக்கப் படலம், சந்தேகம் தெளிதற் படலம் என்று இரு பகுதிகளாக, முழுவதும் குருவும் சீடனும் உரையாடுவதாக அது செல்கிறது. இப்படிக் கற்றவருக்கு நம்பிக்கையில் திடீர் உடைவு நேர்வதில்லை. கோயில் வழிபாடு மனத்தைத் தூய்மையாக்கும் முதற்படி, ஞானம் முடிவான படி என்று இரண்டையும் ஒரே ஏணியில் வைத்துக் கொடுத்தது மடம். சீடர் வேதாந்தியானார், நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. செட்டிநாட்டுச் சிவன் கோயில்கள் பல புதுப்பிக்கப்பட்டதும் இந்த வேதாந்தப் படிப்பு பரவியதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. இரண்டுக்கும் பணம் கொடுத்தவர்களும் பெரும்பாலும் ஒரே சமூகத்தார்.

எழுத்தின் உதவியே இல்லாமலும் இக்கருத்துகள் பரவின. செங்கோட்டை ஆவுடை அக்காளின் அத்வைதப் பாடல்களைத் தென்பாண்டி நாட்டு அந்தணப் பெண்கள், அவர்களிலும் குறிப்பாகக் கைம்பெண்கள், தலைமுறைகளாக மனப்பாடமாகப் பாடி வந்தனர். தீட்டும் மடியும் இறுக்கிய அடுக்களையில், தீட்டு என்பது மனத்தின் கற்பனை என்று சொல்லும் பாட்டு ஒலித்தது. சடங்கை மாற்றும் அதிகாரம் அந்தப் பெண்களுக்கு இல்லை. சடங்கைப் பற்றித் தனியே ஒரு கருத்து வைத்துக்கொள்ள அப்பாடல்கள் இடம் கொடுத்தன. சமய நம்பிக்கை உள்ளே மாறி, வெளியே மாறாமல் இருக்கும் நிலைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

1835இல் அச்சகம் நடத்துவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் நிலைமை மாறியது. சுவடியாக இருந்தவை வரிசையாக அச்சேறின. குருவின் வீட்டு வாசலில் காத்திருக்கவேண்டிய நூல் கடைத்தெருவில் விலைக்குக் கிடைத்தது. தகுதி பார்க்கும் காவலாளி போய்விட்டார். புத்தகத்தைத் தனியே வாசிப்பவருக்கு ஐயம் எழுந்தால் கேட்க ஆள் இல்லை. அவரே தமக்கு ஆசிரியர். நூலின் பொருளை உறுதிசெய்யும் அதிகாரம் பரம்பரையிடமிருந்து வாசகரின் சொந்த அனுபவத்துக்கு நகர்ந்தது இப்போதுதான். ஆங்கிலக் கல்வி பெற்றவர்களிடம் இந்த நகர்வு விரைவாக நடந்தது. மிஷன் பள்ளியில் விக்கிரக வழிபாட்டைப் பற்றிய கண்டனத்தை நாள்தோறும் கேட்ட பிள்ளைகளுக்கு, விக்கிரகத்துக்கு அப்பால் ஒரு தத்துவம் தங்கள் மரபிலேயே இருக்கிறது என்று காட்டும் நூல் வெறும் படிப்புக்குரியதாகத் தோன்றவில்லை, பதிலாகத் தோன்றியது.

அந்தப் பதிலை ஆங்கிலத்தில் கொண்டுவந்து கொடுத்தது பிரம்மஞான சபை. 1875இல் நியூயார்க்கில் ஹெலினா பிளாவட்ஸ்கியும் கர்னல் ஆல்காட்டும் தொடங்கிய இச்சபை 1882இன் இறுதியில் அடையாற்றைத் தலைமையிடமாக்கியது. எல்லா மதங்களுக்கும் அடியில் ஒரே மறைஞானம் ஓடுகிறது, இந்தியாவின் பழைய நூல்களில் அது செழுமையாக இருக்கிறது, அதைக் காக்கும் மகாத்மாக்கள் இமயத்துக்கு அப்பால் வாழ்கின்றனர் என்பன அதன் கொள்கைகள். சொன்னவர்கள் வெள்ளையர் என்பதால் அக்காலப் படித்த இந்தியருக்கு இதில் கூடுதல் எடை தெரிந்தது. 1889இல் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி, பிரம்மஞான சபையைச் சேர்ந்த இருவர் அழைத்துத்தான் பகவத்கீதையை முதன்முதலாக, எட்வின் ஆர்னால்டின் ஆங்கில மொழிபெயர்ப்போடு வாசித்தார். தம் மதத்தின் நூலுக்கு அயலார் வழியாக வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

மதுரையில் இவ்வழி வந்தவர்களில் முதன்மையானவர் எஸ். சுப்பிரமணிய ஐயர். 1842இல் மதுரையில் பிறந்து, 1885 வரை அங்கே வக்கீலாக இருந்தவர். சென்னைக்குப் பெயர்ந்தபின் அரசு வழக்கறிஞராகி, 1895இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். மணி ஐயர் என்றே மக்கள் அழைத்தனர். 1880களில் பிரம்மஞான சபையில் சேர்ந்த அவர், நீதிபதிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்ற 1907 முதல் 1911 வரை அதன் துணைத்தலைவராகவும் இருந்தார். சாட்சியத்தை எடைபோடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்களை ஏற்றது எப்படி என்ற வியப்பு அக்காலத்திலேயே இருந்தது. பிளாவட்ஸ்கி காட்டிய அற்புதங்கள் மோசடி என்று லண்டன் உளவியல் ஆய்வுச் சங்கத்தின் அறிக்கை 1885இல் தீர்ப்புச் சொன்ன பிறகும் மணி ஐயரைப் போன்றோர் சபையை விடவில்லை. அவர்களுக்கு அற்புதம் முக்கியமாக இருந்ததில்லை. கர்மம், மறுபிறவி, சூட்சும உடல் என்று வீட்டில் கேள்விப்பட்டவை இயற்கை விதிகளைப் போல ஒழுங்காக விளக்கப்பட்டதுதான் அவர்களைப் பிடித்து வைத்தது.

அவருடைய சமய வாழ்வு இரு திசைகளில் விரிந்தது. ஒருபுறம், கோயில் சொத்துகள் பாழாவதைத் தடுக்க எழுந்த தர்ம ரட்சண சபையில் முன்னின்றார். கோயிலைக் குறியீடு என்று கருதியவர் அதன் வரவுசெலவுக் கணக்கைக் கறாராகக் கேட்டது முரண்போலத் தோன்றினாலும், அவர் கண்ணில் கோயில் முன்னைவிடப் பொருள் மிகுந்ததாகியிருந்தது. மறுபுறம், வாசிப்பு அவரைப் பிரம்மஞான சபையையும் கடந்து இன்னும் மறைவான இடத்துக்கு இட்டுச் சென்றது. பதரிக்கு அருகே மறைந்து வாழும் ஞானிகளின் அமைப்பு என்று சுத்த தர்ம மண்டலத்தை 1915இல் கட்டுரை எழுதி உலகுக்கு அறிவித்தார். அம்மண்டலத்தின் சார்பில் வெளிவந்த நூல்களில் ஒன்று 26 அத்தியாயங்களும் 745 சுலோகங்களும் கொண்ட பகவத்கீதை. வழக்கிலுள்ள கீதைக்கு 18 அத்தியாயம், 700 சுலோகம். மகாபாரதத்தின் சில பிரதிகளில் காணப்படும் ஒரு சுலோகம் கீதையின் அளவை 745 என்று கூட்டிச் சொல்கிறது. அந்தக் கணக்கை இப்பதிப்பு நிறைவு செய்தது. ஆனால் பாடத்தின் மூலம் பொதுவான ஆய்வுக்கு உட்பட்டதாக இல்லை. அறிஞர் உலகம் இதை ஏற்கவில்லை. மறைநூல் வாசிப்பில் உள்ள ஓர் இடர் இங்கே தெரிகிறது: மறைவாக இருப்பதே உண்மைக்குச் சான்று என்று ஆகிவிட்டால், சான்று கேட்கும் பழக்கம் தளர்ந்துபோகும்.

ஆயினும் அதே மனிதர்தான் பிரம்மஞான சபைத் தலைவர் அன்னி பெசன்ட் காவலில் வைக்கப்பட்டதைக் கண்டித்து 1917இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அதன் பேரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தபோது அரசு தந்த பட்டங்களைத் துறந்தார். மறைஞானம் அவரை உலகிலிருந்து ஒதுக்கிவிடவில்லை. 1924இல் காலமானார்.

மணி ஐயருக்குத் தத்துவம் அமைப்பு வழியாக வந்தது. வத்தலக்குண்டு பி.ஆர். ராஜமய்யருக்கு அது கவிதை வழியாக வந்தது. அன்றைய மதுரை மாவட்டத்தில் பழனி மலையடிவார ஊரில் 1872இல் பிறந்த அவர் மதுரையிலும் பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். ஆங்கிலக் கவிஞர்களிடமும் கம்பரிடமும் தோய்ந்தவர், சட்டப் படிப்பு கைகூடாத நாட்களில் தாயுமானவரிடம் போய்ச் சேர்ந்தார். அந்த வாசிப்பு அவரை எப்படி மாற்றியது என்பதை அறிய நாட்குறிப்புத் தேவையில்லை. அவர் எழுதிய நாவலே போதும். 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்த கமலாம்பாள் சரித்திரத்தின் முற்பகுதி சிறுகுளம் என்ற மதுரை வட்டாரக் கிராமத்தின் அச்சு அசலான சித்திரம். வம்பளக்கும் பெண்களின் கூட்டமும் அம்மையப்ப பிள்ளையின் தமிழ்ப் புலமையும் பேயாண்டித் தேவனின் திருட்டும் வாசகரைச் சிரிக்க வைக்கின்றன. பிற்பகுதியில் நாயகர் முத்துசாமி ஐயர் எல்லாம் இழந்து குருவைத் தேடிச் செல்ல, கதை வேதாந்தத்தில் கரைகிறது. நாவலின் கட்டுக்கோப்பு அங்கே குலைந்தது என்று விமர்சகர்கள் சொல்லிவந்திருக்கின்றனர். குறை நியாயமானதுதான். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருவரின் நம்பிக்கை இடம் மாறினால் பக்கங்களில் என்ன நேரும் என்பதற்கு இவ்வளவு நேரடியான சாட்சி தமிழில் வேறில்லை.

விவேகானந்தரின் தூண்டுதலில் 1896 ஜூலையில் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய பிரபுத்த பாரதா என்ற ஆங்கில மாத இதழுக்கு ராஜமய்யர் முதல் ஆசிரியர். பல புனைபெயர்களில் இதழின் பெரும்பகுதியை அவரே எழுதினார். வேதாந்தத்தை மறைபொருளாக வைக்கக் கூடாது, கதையாகவும் உரையாடலாகவும் எல்லோரிடமும் கொண்டுபோகவேண்டும் என்பது அவ்விதழின் போக்கு. அதிகாரி முறைக்கு நேர் எதிரான நிலை இது. 1898 மே மாதம் 26ஆம் வயதில் அவர் இறந்தார். இதழில் அவர் எழுதிய கட்டுரைகள் 1905இல் நூலாயின.

பிரபுத்த பாரதா முதல் இதழ் வந்த அதே 1896 ஜூலையில், மீனாட்சி கோயிலுக்கு அருகே சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டில் தங்கி அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற 16 வயது மாணவனுக்கு மரண அனுபவம் நேர்ந்தது. பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று அறியப்பட்டவர் அவர். மறைநூல் வாசிப்பே நம்பிக்கையை மாற்றுகிறது என்ற கருத்துக்கு அவர் வரலாறு தடை எழுப்புகிறது. அதுவரை அவர் வாசித்திருந்த சமய நூல்களில் குறிப்பிடத்தக்கது பெரியபுராணம் ஒன்றே. அது மறைநூல் அன்று, அடியார்களின் கதை. பிரம்மம், சம்சாரம் போன்ற சொற்களே அப்போது தமக்குத் தெரியாது என்று பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். அனுபவத்துக்குப் பிறகு அவர் கோயிலை விடவில்லை. முன்னர் எப்போதாவது நண்பர்களுடன் போனவர், இப்போது தனியே அடிக்கடி போய் அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன் கண்ணீர் விட்டு நின்றார். ஆகஸ்ட் 29 அன்று மதுரையை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை சேர்ந்தார்.

தத்துவ நூல்கள் அவரிடம் வந்தது அதற்குப் பிறகு. பணிவிடை செய்த பழனிசாமி ஊரிலிருந்து தமிழ் நூல்களை இரவல் வாங்கி வருவார். மலையாளியான அவர் தமிழை எழுத்துக்கூட்டித் திணறுவதைக் கண்டு ரமணர் தாமே வாங்கிப் படித்துச் சாரத்தைச் சொல்வார். அப்படித்தான் கைவல்ய நவநீதமும் விவேகசூடாமணியும் ரிபு கீதையும் அவர் கைக்கு வந்தன. தாம் ஏற்கெனவே உணர்ந்ததை நூல்கள் பிரித்துப் பெயரிட்டிருந்தன என்பதே அவர் கூற்று. வாசிப்பு இங்கே நம்பிக்கையை உண்டாக்கவில்லை. உணர்ந்ததைப் பிறரிடம் பேசுவதற்கு மொழி கொடுத்தது. விருபாட்சிக் குகையில் வாழ்ந்த காலத்தில் விவேகசூடாமணியை அவர் தமிழ் உரைநடையில் எழுதியதும் பிறர் பொருட்டே.

ரமணரிடம் வேறொரு வகை வாசகரும் வந்தார். லண்டனில் பிரம்மஞான நூல்களிலும் மாய வித்தை நூல்களிலும் ஊறிய பால் பிரண்டன், 1931இல் ரமணரைச் சந்தித்து, 1934இல் வெளியிட்ட நூலால் அவரை மேலை நாடுகளுக்கு அறிமுகப்படுத்தினார். இரகசிய சித்திகளைத் தேடி வந்தவருக்குக் கிடைத்தது, கேட்பவன் யார் என்று திருப்பிக் கேட்கும் ஒற்றைக் கேள்வி.

இதுவரை சொன்ன தமிழ் வாசகர்கள் அனைவருக்கும் கோயிலுக்குள் நுழையும் உரிமை பிறப்பிலேயே இருந்தது. உரிமை உள்ளவர் கோயிலுக்குப் புதுப் பொருள் கற்பித்துக்கொண்டு மறுபடி உள்ளே போகலாம். அந்த உரிமை இல்லாதவர் அதே நூல்களைப் படித்தால் என்ன நேரும் என்பதை அயோத்திதாச பண்டிதர் வாழ்க்கை காட்டுகிறது. மதுரைக்காரர் அல்லர் என்றாலும் இந்த ஒப்பீட்டுக்கு அவர் இன்றியமையாதவர். இளமையில் அத்வைதத்தில் ஈடுபட்டு, 1870இல் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவியவர் அவர். 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், ஒடுக்கப்பட்டோருக்குச் சிவன், விஷ்ணு கோயில்களில் நுழைய அனுமதி வேண்டும் என்று கேட்டார். அந்தத் தெய்வங்கள் உங்களுக்கு உரியவை அல்ல என்ற பதில் கூட்டத்தில் எழுந்தது. எல்லாம் ஒன்று என்ற தத்துவம் ஏட்டில் இருந்தது. கதவு மூடியே இருந்தது. 1898இல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். மணி ஐயரைத் தம் மரபுக்குள் ஆழமாகத் திருப்பிய அதே பிரம்மஞான சபை அயோத்திதாசருக்கு வெளியேறும் பாதையாயிற்று.

மதுரையில் அந்தக் கதவு 1939 ஜூலை 8 அன்று திறந்தது. காந்தியவாதியான வழக்கறிஞர் ஏ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தோரை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் சென்றார். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணை நின்றார். பட்டர்களில் சிலர் அதன்பின் அங்கே பூசை செய்ய மறுத்தனர். எதிர்த்தவர்களிலும் ஆதரித்தவர்களிலும் வேதாந்தம் அறிந்தோர் இருந்தனர். எதிர்த்தவர்கள், பரமார்த்தத்தில் (முடிவான உண்மையில்) ஒன்று, விவகாரத்தில் (உலக நடைமுறையில்) வேறு என்ற பழைய பகுப்பைக் கையில் வைத்திருந்தனர். உபநிடதங்களுக்கும் கீதைக்கும் எளிய விளக்கம் எழுதிய ராஜாஜியே அப்போது மாகாணப் பிரதமர். நுழைவுக்கு உதவியவர்கள் மீது வழக்கு வராமல் காக்கும் சட்டத்தை அவருடைய அரசு அதே ஆண்டு கொண்டுவந்தது. மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேச உரிமை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது.